மெட்டைக் கழற்றினால்தான் மொழி: காதல் பாட்டில் போர்த்துகீசியம்

பிரேசில் போர்த்துகீசியத்தில் எழுத்து ஒன்று, காதில் விழுவது இன்னொன்று. இரவுக்கான சொல்லை ‘நோய்தெ’ என்று எழுதிவிட்டு ரியோவில் ‘நோய்ச்சி’ என்பார்கள். நாட்டின் பெயரே ‘பிரசில்’ என எழுதப்பட்டு ‘பிரசியு’ என ஒலிக்கும். பாடப்புத்தகம் மட்டும் படித்தவர் தடுமாறுவது இங்கேதான். காதல் பாட்டு கைகொடுப்பதும் இங்கேதான்.

மெட்டோடு கேட்ட தொடர் அப்படியே நினைவில் தங்குகிறது. 2014இல் வெளியான எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வில் 60 பேருக்கு ஹங்கேரியத் தொடர்களை 15 நிமிடம் கற்றுக்கொடுத்தார்கள். சிலர் பேசிப் பழகினார்கள், சிலர் தாளத்தோடு சொன்னார்கள், சிலர் பாடினார்கள். தொடரைத் திருப்பிச் சொல்வதில் பாடியவர்களே முந்தினார்கள்.

தொடங்க போஸா நோவா என்ற பிரேசிலின் மென்மையான பாட்டு வகை நல்லது. அதன் பாடகர் ஜுவாவ் ஜில்பெர்த்துவின் குரல் பாட்டைவிடப் பேச்சுக்கு அருகில் இருக்கும். டோம் ஜோபிம் இசையில் வினிசியுஸ் ஜி மொராயிஸ் எழுதிய ஒரு பாட்டின் தலைப்பையே பாருங்கள்: ‘ஏவ் சேய் கி வோ ச்சி அமார்’. உன்னைக் காதலிக்கப்போகிறேன் என்று எனக்குத் தெரியும். கடைசி இரு சொற்களும் ஒட்டி ‘ச்சியமார்’ ஆகின்றன. மணி, அடி இரண்டும் ‘மணியடி’ ஆகும் அதே உடம்படுமெய்தான். தமிழருக்கு இன்னொரு வசதியும் உண்டு. ‘நல்ல’ என்று பொருள்படும் ‘பொம்’ என்ற சொல்லின் முடிவில் உதடு மூடக் கூடாது. ஒலி மூக்கில் கரைய வேண்டும். பேச்சில் ‘பணம்’, ‘மரம்’ சொல்லும்போது நாம் செய்வதும் அதுவே. எழுத்தைப் பார்த்து ‘ம்’ என்று அழுத்தினால்தான் கெடும்.

பாட்டு மூன்று நிமிடத்துக்குள் இருக்கட்டும். முதலில் வரிகளைப் பார்க்காமல் மூன்று முறை கேட்டு, காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அச்சிட்ட வரிகளோடு ஒப்பிட்டு, சொற்கள் ஒட்டும் இடங்களில் கோடிடுங்கள். அடுத்து மெட்டில்லாமல், பேச்சு வேகத்தில் ஒவ்வொரு வரியையும் சொல்லுங்கள். பாடுவது அதன் பிறகு.

பலர் பாடியதோடு நிறுத்திவிடுகிறார்கள். முழுப் பாட்டும் மனப்பாடம். ஆனால் நடு வரியிலிருந்து ஒரு சொல் வேண்டுமென்றால் பல்லவியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நினைவைத் தாங்கிய மெட்டே அதைப் பூட்டியும் வைத்திருக்கிறது. அதனால் சட்டகத்தை வைத்துக்கொண்டு வினையை மாற்றுங்கள். ‘வோ ச்சி அமார்’ வந்த இடத்தில் ‘வோ ச்சி லிகார்’ என்றால் உனக்கு போன் செய்கிறேன். ‘வோ ச்சி அஜுதார்’ என்றால் உனக்கு உதவுகிறேன். ஒரு வரிக்கு ஐந்து வினை மாற்றிப் பேசினால் அது உங்கள் வாக்கியமாகிவிடும்.

‘நீ’ என்பதற்கு ‘வோசே’ சொல்லிவிட்டு, ‘உன்னை’ என்பதற்கு ‘ச்சி’ போடுவதை இலக்கண ஆசிரியர்கள் ஏற்பதில்லை. பிரேசில் பாட்டிலும் பேச்சிலும் இரண்டும் கலந்தே வரும். தேர்வுத்தாளில் மட்டும் தவிர்த்தால் போதும்.

போர்ச்சுகல் போகிறவர்கள் அந்நாட்டின் மரபுப் பாட்டான ஃபாதோ கேட்கலாம். ஆனால் லிஸ்பன் பேச்சில் அழுத்தமில்லாத உயிரொலிகளை விழுங்கிவிடுவார்கள். பாட்டில் அவை கொஞ்சம் விரிந்து ஒலிக்கும். அதனால் ஃபாதோ கேட்கும் அளவுக்கு அங்குள்ள வானொலிச் செய்தியும் கேளுங்கள்.