தகவமைப்பு பல்லிக்கு, தழுவல் படத்துக்கு

'ஒரு திகில் நாவலின் தொலைக்காட்சித் தகவமைப்பு.' மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் என் மாலை வகுப்புப் பிள்ளைகள் எழுதும் பட விமர்சனங்களில் இந்த வரியை எத்தனை முறை சிவப்பு மையால் அடித்தேனோ, கணக்கில்லை. போன வாரம் சென்னையிலிருந்து வந்த ஒரு பத்திரிகையிலும் அதே வரி! சரி, இனி எழுதிவிட வேண்டியதுதான்.

ஆங்கிலத்தில் 'அடாப்டேஷன்', பிரெஞ்சில் 'அதாப்தாசியோன்'. லத்தீன் வேர்; பொருந்தச் செய்தல் என்று பொருள். மொரீஷியஸ் பிள்ளைக்கு உயிரியல் பாடத்திலும் இதே சொல், சினிமா சுவரொட்டியிலும் இதே சொல். வழுக்கியது அங்கேதான்.

தகவு என்றால் தகுதி, பொருத்தம். வாழையிலையில் பச்சைப் பல்லி இருப்பதே தெரியாமல் ஒட்டிக்கிடக்கிறதே, அது தகவமைப்பு. யாரும் உட்கார்ந்து செய்ததில்லை. தலைமுறை தலைமுறையாகத் தானாக நேர்ந்தது. நாவல் அப்படித் தானாகத் திரைக்கதை ஆகிவிடுமா? எதை வைப்பது, எதை வெட்டுவது என்று ஒருவர் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாமா?

அதற்குத்தான் தழுவல். ஏறு தழுவுகிறவன் திமிலைப் பிடித்துக்கொண்டு காளையின் ஓட்டத்தோடு ஓடுகிறான். மூலத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் படமும் அப்படித்தான். ஸ்டீபன் கிங்கின் 'தி ஷைனிங்' நாவலில் (1977) பாய்லர் வெடித்து ஹோட்டல் எரிகிறது. இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் 1980 படத்தில் ஹோட்டல் அப்படியே நிற்கிறது; நாயகன் பனியில் உறைந்து சாகிறான். கிங்குக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. 1997-இல் அவரே திரைக்கதை எழுதிய மூன்று பகுதித் தொடரில் பாய்லர் மறுபடி வெடித்தது. ஒன்று திமிலை விடவில்லை, இன்னொன்று பாதியில் விட்டுவிட்டது. ஆனாலும் இரண்டும் தழுவல்தான். (எனக்குப் பிடித்தது குப்ரிக்தான், அது வேறு கதை.)

இன்னும் நுட்பமாகச் சொல்ல வேண்டுமா? முதல் நூலைப் பின்பற்றி எழுதும் வழிநூலின் வகைகளாகத் தொல்காப்பியம் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று நான்கைச் சொல்கிறது. நாவலில் பக்கம் பக்கமாக ஊறும் பயத்தைச் சினிமா இரண்டரை மணி நேரத்துக்குள் பிழிந்தாக வேண்டும்: தொகுத்தல். தொடரில் ஊறவிடலாம்: விரித்தல். வீட்டிலேயே இவ்வளவு சரக்கு இருக்க, அகராதியின் முதல் சொல்லைப் பிடுங்கி ஒட்டுகிறார்கள். இதே ஆட்கள்தான் திகில் நாவலைப் 'பயங்கர நாவல்' என்றும் எழுதுகிறார்கள். படித்தால் நாவல் அபாரம் என்று பாராட்டுவதுபோல இருக்கிறது.

'திரையாக்கம்' என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் மூலத்தோடு உள்ள உறவு அதில் விழுவதில்லை.

தழுவல் என்றதும் கடைசி வரிசைப் பையன்கள் சிரிக்கிறார்கள் என்று சக ஆசிரியை ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். சிரித்துவிட்டுப் போகட்டும்.