"மயக்கமா இருக்கு" – யாருக்கு?

பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு மகள் கிளினிக்குக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "அம்மாவைக் கூட்டிட்டு வரலாமா? ரெண்டு நாளா சுகர் மாத்திரை போடல. காலைலேருந்து மயக்கமா இருக்கு." மாத்திரை போடாததும் மயக்கமும் அம்மாவுக்குத்தான் என்று நமக்குப் புரிகிறது. ஏஐ மொழிபெயர்ப்பில் இது "நான் மாத்திரை போடவில்லை, எனக்கு மயக்கம்" என்று ஆங்கிலமாகிவிடலாம். அப்போது டாக்டர் மகளுக்கு வைத்தியம் யோசிப்பார்.

"வந்தாள்" என்றால் ஆளைச் சொல்லாவிட்டாலும் விகுதி காட்டிக்கொடுக்கும். "போடல", "போடணும்", "போடலாம்" மூன்றிலும் அந்த விகுதி கிடையாது. "மயக்கமா இருக்கு" என்பதில் "அம்மாவுக்கு" தொக்கி நிற்கிறது. மாடல், அதாவது மொழிபெயர்க்கும் ஏஐ, படிப்பது டோக்கன்களை, அதாவது எழுத்தில் உள்ள சொற்களையும் சொல்துண்டுகளையும். விட்ட சொல்லுக்கு டோக்கனே இல்லை. முன்வாக்கியத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும். ஆங்கிலத்திலோ எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது, அதனால் யாரையாவது போட்டே தீரும். கன்னடத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை. "பந்தில்ல" என்பது நான் வராததற்கும் அவள் வராததற்கும் பொது. ஆனால் தமிழிலிருந்து கன்னடத்துக்கு ஆங்கிலம் வழியாகப் போகும் கருவியில், இடையில் நுழைந்த "நான்" கன்னடத்திலும் ஒட்டிக்கொள்ளும்.

மாடல் ஆங்கிலச் சோதனைகளில் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே நம்ப வேண்டாம். 2012-இல் கணினி அறிஞர் ஹெக்டர் லெவெக் குழுவினர் விவரித்த வினோகிராட் சோதனையில் (சுட்டுச்சொல் யாரை, எதைக் குறிக்கிறது என்று கணினியிடம் கேட்பது), பெட்டிக்குள் போகாத கோப்பையைப் பற்றி "அது ரொம்பப் பெரியது" என்று வரும். "அது" எது, கோப்பையா பெட்டியா என்பதுதான் கேள்வி. நம் பேச்சில் "கோப்பை பெட்டிக்குள்ள போகல, ரொம்பப் பெரிசு" என்போம். அந்த "அது"கூட இருக்காது.

தமிழிலேயே சோதியுங்கள். மேலே உள்ள செய்தியில் முதல் வாக்கியத்தை மட்டும் "நான் இன்னிக்கு வரலாமா?" என்று மாற்றுங்கள். இப்போது மயக்கம் மகளுக்கு. இரண்டு வடிவத்துக்கும் "எனக்கு" என்றே வந்தால், மாடல் முன்வாக்கியத்தைக் கவனிக்காமல் பழக்கத்தில் போடுகிறது. ஜோடியில் இரண்டும் சரியானால்தான் ஒரு மதிப்பெண். தனித்தனியே எண்ணினால் எப்போதும் "நான்" போடும் மாடலுக்கும் பாதி கிடைத்துவிடும். விடை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒவ்வொன்றையும் ஐந்து முறை ஓட்டுங்கள். பிறகு முதல் வாக்கியத்தை நீக்கிவிட்டுக் கொடுங்கள். "யாருக்கு?" என்று திருப்பிக் கேட்பதே சரியான விடை. முக்கியமாகப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கிளினிக்குக்குக் கருவி அமைப்பவர்கள், ஆள் தெரியாத இடத்தில் "[யார்?]" என்று குறிக்கும்படி மாடலுக்குக் கொடுக்கும் கட்டளையிலேயே எழுதிவிடுங்கள். செய்தி அனுப்புபவர்கள் "அம்மா போடல, அம்மாவுக்கு மயக்கம்" என்று பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், வாய்ஸ் நோட்டிலும்தான்.