வேப்பங்கொட்டையின் விலை மரத்தடியிலேயே முடிவாகிறது

கடலூர் மாவட்டம் என்றால் பண்ருட்டி முந்திரியும் பலாவும்தான் பேசப்படுகின்றன. ஆனி, ஆடி மாதங்களில் விருத்தாசலம், திட்டக்குடிப் பக்கத்து ஊர்களில் பெண்கள் மரத்தடியில் கூட்டிப் பெருக்கிச் சேர்க்கும் வேப்பங்கொட்டை, சிறு வன மகசூல் (மரத்தை வெட்டாமல் சேகரிக்கும் காட்டு விளைபொருட்கள்) பட்டியலில் இடம்பெற்ற பொருளாக இருந்தும், மாவட்டத்தின் வருமானமாக யார் கண்ணுக்கும் படுவதில்லை. வயல் வேலை குறைந்திருக்கும் நாட்களில் கூலிக் குடும்பங்களுக்குக் கைக்காசு தருவது அதுதான்.

கொள்முதலுக்கு வரும் மூட்டைகளைத் தரம் பார்ப்பது என் பணி. ஒரு பிடி கொட்டையை எடுத்து ஓட்டை உடைத்தால் உள்ளே பருப்பு இளம்பச்சையாக இருக்க வேண்டும். பல மூட்டைகளில் அது பழுப்பேறியோ, பூஞ்சணம் பிடித்துக் கறுத்தோ இருக்கிறது. பழத்தைச் சதையோடு குவித்து வைப்பதால் அது புளித்துச் சூடேறுகிறது. பிறகு தார்ச்சாலையில் கொட்டிக் கடும் வெயிலில் காய வைக்கிறார்கள். கடைசியில் ஈரம் முழுவதும் போகும் முன்பே உரம் வந்த பிளாஸ்டிக் சாக்கில் கட்டிவிடுகிறார்கள். பருப்பில் இருந்து பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் அசாடிராக்டின் என்ற வேதிப்பொருள் வெயில், வெப்பம், ஈரம் ஆகிய மூன்றாலுமே சிதையக்கூடியது. எண்ணெய்ச் செக்குக்காரர் அந்தக் கொட்டையைக் குறைந்த விலைக்காவது எடுத்துக்கொள்வார். நல்ல விலை தரக்கூடிய பூச்சிவிரட்டித் தயாரிப்பாளரோ தொடமாட்டார்.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. பொறுக்கிய பழத்தை அன்றே, தவறினால் மறுநாளே, தண்ணீரில் பிசைந்து சதையை நீக்கிக் கழுவி, காற்றோட்டமுள்ள நிழலில் மெல்லியதாகப் பரப்பி, அவ்வப்போது கிளறிவிட்டு நன்றாக உலர்த்திச் சணல் சாக்கில் கட்டினால் போதும். தனியாள் ஒருவருக்கு இது பெரிய பாடு என்பது உண்மைதான். பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்து ஒரு கொட்டகையையும் தராசையும் பொதுவாக வைத்துக்கொண்டால் எடையிலும் ஏமாற வேண்டியதில்லை. உள்ளூரிலேயே வாங்குவோரும் இருக்கிறார்கள்: ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கும் உழவர்களுக்குப் பருப்பை இடித்துப் பொடியாகவே விற்கலாம்.

2015இல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. அந்த எண்ணெய்க்கான கொட்டையை யாராவது பொறுக்கித்தான் ஆக வேண்டும். சிறு வன மகசூலுக்கான குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டம் 2013–14இலும், சேகரிப்போர் குழுவாகச் சேர்ந்து அப்பொருட்களைப் பதப்படுத்தி விற்க உதவும் வன் தன் திட்டம் 2018இலும் தொடங்கப்பட்டன. இரண்டுமே பழங்குடியினரை முதன்மையாகக் கருதி வகுக்கப்பட்டவை. ஆனால் நம் பகுதியின் பழங்குடியினரான இருளர் குடும்பங்கள் பலவற்றுக்குச் சாதிச் சான்றிதழ் பெறுவதே பெரும் போராட்டமாக இருக்கும்போது, திட்டம் எப்படி அவர்கள் வாசலுக்கு வரும்? சான்றிதழுக்கு அலைவோருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, உடன் போய்வரப் படித்தவர்கள் முன்வர வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று: புறம்போக்கு மரங்களின் பலன் ஏலம் விடப்பட்டிருக்கிறதா என்று பொறுக்கத் தொடங்கும் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஏலம் எடுத்தவர் ஒருவர் இருந்தால், உலர்த்தி முடித்த மூட்டையின் மீதுதான் தகராறு எழும்.