ஒருக்களித்துப் படுத்துச் சாப்பிடும் புழு

மாடித்தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் தக்காளி இலையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். பச்சை இலை முழுக்க வெள்ளைக் கிறுக்கல், நெளிநெளியாக. "பக்கத்து வீட்டுப் பாட்டி திருஷ்டி என்கிறார், பூசணிக்காய் சுற்றிப் போடச் சொல்கிறார். நெட்டில் தேடினால் இலைக்குள் வாழும் ஈ என்று வருகிறது. இந்த ஈயில் புது இனம் கண்டுபிடித்ததாக வேறு செய்தி போடுகிறார்களே, ஒரு ஈயைப் பார்த்து இது புதுசு என்று எப்படி சார் சொல்ல முடியும்?" என்று கேட்டிருந்தார்.

பூசணிக்காயைக் கூட்டு வைத்துவிடுங்கள். நெட்டில் வந்ததுதான் சரி.

இலைத்துளைப்பான் ஈக்களின் குடும்பத்துக்கு அக்ரோமைசிடே என்று பெயர். உலகம் முழுவதும் 3,000 இனங்களுக்குக் கிட்டத்தட்டப் பெயர் வைத்திருக்கிறார்கள். தாய் ஈ சுமார் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். வயிற்று நுனியில் உள்ள ஊசியால் இலையைக் குத்தும். சில குத்துகளில் முட்டை வைக்கும். மற்றவை சாறு குடிப்பதற்கு. ஆண் ஈக்கு அந்த ஊசி கிடையாது. பெண் குத்திவைத்த ஓட்டையில் வாயை வைத்துக் குடித்துவிட்டுப் போய்விடும்.

முட்டை பொரிந்த பிறகு நடப்பதுதான் எனக்கு அலுக்கவே அலுக்காத விஷயம். ஈயின் புழுவுக்குக் காலும் இல்லை, நம் கணக்கில் தலை என்று சொல்லத்தக்கதும் இல்லை. வாயில் இரண்டு கறுப்புக் கொக்கிகள் மட்டும். அந்தக் கொக்கிகள் மண்வெட்டி மாதிரி மேலும் கீழும்தான் அசையும். ஆனால் புழு இருப்பது இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில். காகிதக் கனத்து இடத்தில் மேலும் கீழும் கொத்தினால் கூரையைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டியதுதான். அதனால் புழு ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறது! படுத்ததும், மேலும் கீழுமாக இருந்த வெட்டு வலமும் இடமுமாக ஆகிவிடுகிறது. அரிவாளால் புல்லறுப்பது போல அரைவட்டமாக வீசி, பச்சையத்தைச் சுரண்டித் தின்றுகொண்டே முன்னேறுகிறது.

ஒரே பக்கமாகவும் படுத்திருப்பதில்லை. அவ்வப்போது புரண்டு மறுபக்கம் படுக்கும். எச்சமும் அதற்கேற்ப ஒருமுறை பாதையின் இடது ஓரத்தில், அடுத்தமுறை வலது ஓரத்தில் விழும். உங்கள் தக்காளி இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் பாதையின் இரு ஓரங்களிலும் மாறி மாறிக் கறுப்புத் துணுக்குகள் தெரியும். எலுமிச்சைச் செடி இருந்தால் அதன் தளிரையும் பாருங்கள். அங்கேயும் இதே போன்ற வெள்ளித்தடம் இருக்கலாம். ஆனால் எச்சம் நட்டநடுவில் ஒற்றைக் கோடாக ஓடும். அது ஈ இல்லை, ஒரு குட்டி அந்துப்பூச்சியின் புழு. பூச்சியைப் பார்க்காமலேயே, படுத்த வாகைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடலாம்.

பாதை ஆரம்பத்தில் நூல் மாதிரி இருந்து போகப்போக அகலமாவது, புழு இரண்டு முறை தோலுரித்து வளர்வதால். தக்காளியில் வருவது கடைசியில் இலையைக் கீறி, பெரும்பாலும் காலை நேரத்தில், மண்ணில் விழுந்து கூட்டுப்புழு ஆகிவிடும்.

புது இனத்தைத் தேடுகிறவர் அதற்கு முன்பே இலையைப் பறித்துப் புட்டியில் போட்டுவிடுகிறார். அமெரிக்காவில் மாசசூசெட்ஸைச் சேர்ந்த சார்லி ஐஸ்மன் என்ற இயற்கை ஆர்வலர் இப்படித்தான் இலை இலையாகச் சேகரித்து ஈ வளர்த்தார். கனடாவின் ஓவன் லான்ஸ்டேல் அவற்றை ஆராய, 2018இல் இருவரும் 13 புது இனங்களை ஒரே கட்டுரையில் விவரித்தார்கள். பொறுமைதான் இதில் பெரிய கருவி. குளிர்நாட்டு இனங்களின் கூட்டுப்புழுக்களை ஃபிரிட்ஜில் மாதக்கணக்கில் வைத்து, பனிக்காலம் முடிந்ததாக நம்பவைக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தும் ஈக்குப் பதிலாக ஒட்டுண்ணிக் குளவி வெளியே வருவது சகஜம். குளவி உள்ளே இருந்த புழுவை எப்போதோ தின்று முடித்திருக்கும். அடுத்த வருஷம் மறுபடி இலை தேட வேண்டியதுதான்.

ஈ வந்தாலும் பெண் ஈ மட்டும் வந்தால் பல சமயம் பயனில்லை. மஞ்சளும் கறுப்புமான இந்தக் குட்டி ஈக்கள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். தலைமயிர் எத்தனை, இறக்கை நரம்பு எங்கே முடிகிறது என்று எண்ணியும் அளந்தும் ஓரளவு பிரிக்கலாம். தீர்ப்பு ஆண் ஈயின் பிறப்புறுப்பில்தான். வயிற்றை மட்டும் கழற்றிக் காரக்கரைசலில் சூடாக்கினால் தசை கரைந்து கடினமான பகுதி மட்டும் நிற்கும். அதைக் கிளிசரின் சொட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். உதாரணமாக, லிரியோமைசா என்ற ஈ வகையை எடுத்துக்கொள்வோம். அதில் டிரைஃபோலி இனத்தில் உறுப்பின் நுனியில் ஒற்றைக் குமிழ், நடுவில் இடுப்பு போல நன்றாக இறுகியிருக்கும். சாட்டிவே இனத்திலும் ஒற்றைக் குமிழ்தான், இடுப்பு லேசு. ஹுய்டோபிரென்சிஸ் இனத்தில் இரட்டைக் குமிழ். புட்டியில் வந்த ஈயின் படம் இதுவரை வரைந்து வைத்த எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை என்றால்தான் "புதுசு" என்ற பேச்சே எழும். பிறகு ஒரே ஒரு ஈயை மூல மாதிரியாகக் குறித்து அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். அந்தப் பெயருக்கு இனிமேல் சாட்சி அந்த ஒரு ஈதான்.

இவ்வளவு மெனக்கெட்டும் ஏமாறலாம். கலிபோர்னியாவில் இருந்ததையும் தென் அமெரிக்காவில் இருந்ததையும் ஹுய்டோபிரென்சிஸ் என்று ஒரே பெயரில் அழைத்து வந்தார்கள். 2000, 2001 ஆண்டுகளில் மரபணுவைப் பார்த்தபோது அவை இரண்டு இனங்கள் என்று தெரிந்தது. உலகமெங்கும் பரவி உருளைக்கிழங்கையும் கீரையையும் நாசம் செய்தது தென் அமெரிக்க இனம். கலிபோர்னியா இனத்துக்கு லாங்கேய் என்று 1951இலேயே வைத்து, பிறகு கைவிட்ட பெயர் திரும்ப வந்தது. துறைமுகத்தில் "இது ஏற்கெனவே நம் ஊரில் இருக்கிற பூச்சிதானே" என்று ஒரு சரக்கை விடுவதா நிறுத்துவதா என்பது இந்தக் குமிழ்களையும் மரபணு எழுத்துகளையும் நம்பித்தான் இருக்கிறது. ஆனால் மரபணு இயந்திரம் வாங்கப் பணம் கேட்டால் கிடைக்கிற நாட்டில், மைக்ராஸ்கோப் முன் பத்து வருஷம் உட்கார ஒரு ஆளுக்குச் சம்பளம் கேட்டால் சிரிக்கிறார்கள். "இரண்டும் வேறு" என்று இயந்திரம் சொல்லும். எது எது என்று அந்த ஆள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் தக்காளியில் இருப்பது அநேகமாக டிரைஃபோலி. தீவனப்பயிரான குளோவரின் பெயரால் 1880இல் பெயர் பெற்றது. இன்று 20க்கும் மேற்பட்ட தாவரக் குடும்பங்களைத் தின்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஐதராபாத்தில் ஆமணக்கில் கண்டார்கள், பிறகு நாடெங்கும் பரவிவிட்டது. மருந்து அடிக்காதீர்கள். இலைக்குள் இருக்கும் புழு பெரும்பாலும் தப்பிவிடும், மேலே திரியும் குளவிகள்தான் சாகும்.

புது இனம் வேண்டுமென்றால் தக்காளியை விட்டுவிட்டு, சுவரோரம் தானாக முளைத்த களைச்செடிகளைப் பாருங்கள். ஒரே வகைச் செடியையோ அதன் உறவுச் செடிகளையோ மட்டும் தின்னும் ஈக்கள்தான் இந்தக் குடும்பத்தில் அதிகம். கோடு விழுந்த இலையைப் புட்டியில் போட்டு வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். செடியின் பெயர், இடம், தேதி மூன்றையும் துண்டுச்சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை இலையின் ஈரத்தில் கரைந்துவிடும்.