244 பிட்டுகளில் ஒரு குரல்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் நகரைக் கடந்து செம்பனைத் தோட்டங்களுக்குள் செல்லும்போது, கைப்பேசியில் அலைவரிசையின் வலிமை குறைந்துகொண்டே வருவதைக் காணலாம். தோட்டத்து வீடுகளில் வாழும் முதியவர்கள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் பிள்ளைகளுடன் பேசுவதற்கு அந்த மெலிந்த அலையையே நம்பியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் குரல் மங்குகிறதே தவிர, பேச்சு பெரும்பாலும் அறுபடுவதில்லை. குரலை எண்களாக்கிச் சுருக்கும் முறை பல பத்தாண்டுகளாகச் செம்மைப்பட்டு வந்திருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பழைய எண்முறைத் தொலைபேசி, குரலை வினாடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில், அதாவது 0 அல்லது 1 ஆகிய எட்டு இலக்கங்களில், எழுதியது. ஆக, வினாடிக்கு 64,000 பிட்டுகள். 20 மில்லிவினாடிப் பேச்சுக்கு 1280 பிட்டுகள் தேவைப்பட்டன. கைப்பேசிகளில் பரவலாகப் பயன்பட்ட ஏஎம்ஆர் என்னும் கோடெக் (குரலைச் சுருக்கி விரிக்கும் முறை), அதிகப் பிட்டுகளைச் செலவிடும் தன் உச்ச வேகத்திலேயே அதே 20 மில்லிவினாடியை 244 பிட்டுகளில் அடக்கிவிடுகிறது.

குரல் பிறக்கும் விதத்தை அறிந்துகொண்டதால்தான் இது இயன்றது. குரல்நாண்கள் அதிர்ந்து எழுப்பும் ஒலிக்குத் தொண்டை, நாக்கு, உதடு ஆகியவை வடிவம் தருகின்றன. இவ்வுறுப்புகள் மெதுவாகவே அசைவதால், 20 மில்லிவினாடிக்குள் அவற்றின் நிலை பெரிதாக மாறுவதில்லை. எனவே ஒவ்வோர் ஒலி அளவையும் அதற்கு முந்தைய 10 அளவுகளிலிருந்து ஏறக்குறைய கணித்துவிடலாம். ஒரு நாதசுவர வாசிப்பைப் பதிவு செய்து அனுப்பாமல், சுரக்குறிப்பை மட்டும் அனுப்பி, மறுமுனையில் உள்ள வித்துவானை வாசிக்கச் சொல்வதைப் போன்றது இது.

அந்த 244 பிட்டுகள் எங்கே செலவாகின்றன என்று பார்ப்பது பயனுள்ளது. வாயறையின் வடிவத்துக்கு 38, குரலின் சுருதிக்கு 30, ஒலியின் வலிமையைக் குறிக்கும் எண்களுக்கு 36. மீதமுள்ள 140 பிட்டுகள், அதாவது பாதிக்கும் மேற்பட்டவை, இந்தக் கணிப்புகளுக்கெல்லாம் பிடிபடாத எச்சத்துக்கே போகின்றன. ஆகவே சிக்கனம் தேடிய ஆய்வாளர்கள் இந்த எச்சத்தின் மீதே கவனம் செலுத்தினார்கள்.

1985இல் மன்ஃபிரெட் ஷ்ரோடரும் இந்தியாவில் பிறந்த பிஷ்ணு அட்டலும் ஒரு வழி சொன்னார்கள். எச்சத்தின் 1024 மாதிரி வடிவங்களை இருமுனையிலும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அனுப்பும் முனையிலேயே குரலாக்கிப் பார்த்து, மூலத்துக்கு மிக நெருங்கியதன் வரிசை எண்ணை மட்டும் அனுப்பலாம் என்பதே அது. எது நெருக்கமானது என்பதைக் காதின் இயல்பை வைத்து முடிவு செய்தார்கள்: குரல் வலுவாக ஒலிக்கும் அலையெண்களில் பிழை இருந்தாலும் அது காதுக்குப் புலப்படுவதில்லை. ஆனால் ஒரு வினாடிப் பேச்சைச் சுருக்க, அக்காலத்துப் பேராற்றல் கணினியான கிரே-1க்கே 125 வினாடிகள் பிடித்தன. பின்னர் வந்தவர்கள் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டு, எச்சத்தின் ஒவ்வொரு சிறு துண்டிலும் உள்ள 40 இடங்களில் சில துடிப்புகளை மட்டும் விதிப்படி வைத்தார்கள். ஏஎம்ஆரின் உச்ச வேகத்தில் அத்தகைய துடிப்புகள் 10. மிகக் குறைந்த வேகத்தில் 2 மட்டுமே. சாதாரணக் கைப்பேசிச் சில்லும் இக்கணக்கைச் செய்துவிடுகிறது.

தோட்டப்புறத்துக்கு நேரடியாக உதவுவது இந்த வேக மாற்றம். ஜிஎஸ்எம் என்னும் இரண்டாம் தலைமுறைக் கைப்பேசி வலையமைப்பின் முழுவேகத் தடத்தில் 20 மில்லிவினாடிக்கு மொத்தம் 456 பிட்டுகள் உண்டு. அலை வலுவாக இருக்கும்போது குரல் 244 பிட்டுகளை எடுத்துக்கொள்கிறது. அலை மெலிந்தால் குரல் 95 பிட்டுகளுக்குச் சுருங்கி, மிச்சத்தில் பெரும்பகுதியைப் பிழை திருத்தும் காப்புக்கு விட்டுக்கொடுக்கிறது. குரலைக் குறைத்துக்கொள்வதாலேயே பேச்சு காப்பாற்றப்படுகிறது என்பது இத்துறையில் என்னை மிகவும் கவர்ந்த சிந்தனை.

எனினும் பிட்டுகளைக் குறைப்பது மட்டுமே திறனாகாது. பழைய தடம் ஏறத்தாழ 3400 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலியைக் கடத்துவதில்லை. அதனால்தான் வாகனப் பதிவெண்ணைத் தொலைபேசியில் சொல்லும்போது எஸ்ஸும் எஃப்பும் குழம்புகின்றன. அகல அலைவரிசை ஏஎம்ஆர், வினாடிக்கு 12,650 பிட்டுகளில், அதாவது பழைய உச்ச வேகத்தைவிடச் சற்றே கூடுதலான செலவில், 7000 ஹெர்ட்ஸ் வரை கொண்டு சேர்க்கிறது. 4ஜி அழைப்பில் குரல் சிறு தரவுப் பொட்டலங்களாகச் செல்வதால் வேறொரு செலவும் சேர்ந்தது: ஒவ்வொரு குரல் பொட்டலத்துக்கும் 40 பைட் முகவரித் தலைப்பு, அதாவது 320 பிட்டுகள். சுமக்கும் குரலைவிடத் தலைப்பே கனம். அதையும் சில பைட்டுகளுக்குச் சுருக்கும் முறை இப்போது உண்டு.

அண்மைக் காலத்தில் நரம்பியல் வலையமைப்புகள், அதாவது ஏராளமான குரல் பதிவுகளிலிருந்து தாமே பயிலும் கணினி நிரல்கள், வினாடிக்கு 3000 பிட்டுகளிலேயே இயல்பான குரலைத் தருகின்றன. கூகுள் 2021இல் வெளியிட்ட லைரா அத்தகையது. இங்கே எனக்கு ஒரு கவலை உண்டு. பிட்டுகள் போதாத இடத்தை, இம்முறை தான் பயின்ற குரல்களைக் கொண்டு நிரப்புகிறது. ழகரத்தை ஒலிக்கும்போது மூன்றாம் ஒத்திசைவு அலையெண் (வாயறை வலுப்படுத்தும் அலையெண்களில் மூன்றாவது) தாழ்ந்து இரண்டாவதை நெருங்குகிறது. பழைய குறுகிய தடமும் அதைக் கடத்தும். ஆனால் அவ்வொலியை அரிதாகவே கேட்டுப் பயின்ற ஒரு வலையமைப்பு, அதைத் தனக்குப் பழகிய வேறோர் ஒலியாக, சிறிதும் இரைச்சலின்றித் தெளிவாக ஒலித்துவிடக்கூடும். கேட்பவருக்குப் பிழை நேர்ந்ததே தெரியாது. எனவே இத்தகைய கோடெக்குகளைச் சோதிக்கும்போது, 'வாழை', 'வாளை' போன்ற இணைகளைத் தோட்டத்து முதியவர்களின் குரலிலேயே பதிவு செய்து, தமிழ்க் காதுகளிடம் கொடுத்துக் கேட்கச் சொல்ல வேண்டும்.