பதிவேட்டில் பெயர் இல்லாததால் உயிர் தப்பினார் என்று எழுதாதீர்கள்

யூத இனப்படுகொலை பற்றிய ஆய்வேடுகளைச் சரிபார்க்கும் பணியில், இந்த மாதம் மூன்றாவது முறையாக அதே வரியைப் படித்தேன்: "ஆஷ்விட்ஸ் கைதிகள் பதிவேட்டில் இவர் பெயர் காணப்படவில்லை, ஆகவே உயிர் தப்பியிருக்கலாம்." எழுதியவரின் உழைப்பில் குறையில்லை. அந்த 'ஆகவே' மட்டும் பெரும் பிழை.

நாஜிகள் கைப்பற்றியிருந்த போலந்தில் அமைந்த ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட யூதர்கள் ஏறத்தாழ 11 இலட்சம் பேர். அவர்களுள் கைதிகளாகப் பதிவு செய்யப்பட்டவர்கள் சுமார் 2 இலட்சம் பேர்தான். முதியோரும் குழந்தைகளும் கைக்குழந்தையோடு வந்த தாய்மாரும் இரயிலிலிருந்து இறங்கியதும் நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டதால், அவர்களுக்கு எண் தரப்படவுமில்லை, பெயர் எழுதப்படவுமில்லை. ட்ரெப்ளிங்கா, பெல்செக், சோபிபோர் ஆகிய கொலை முகாம்களில், வந்து சேர்ந்தவர்களைப் பெயர் எழுதிப் பதியும் வழக்கமே இருக்கவில்லை. 1941 செப்டம்பர் 29, 30 தேதிகளில் கீவ் நகரின் பாபி யார் பள்ளத்தாக்கில் சுட்டுக் கொல்லப்பட்ட யூதர்களைப் பற்றிக் கொலையாளிகள் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் இருப்பது 33,771 என்ற எண் மட்டுமே. ஆகையால் பதிவேட்டில் பெயர் இல்லாமை பெரும்பாலும் உடனடி மரணத்தையே சுட்டுகிறது.

பிறகு எங்கே தேடுவது? வந்து சேர்ந்த இடத்தைவிடப் புறப்பட்ட இடத்தில் தேடுங்கள். நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து கிளம்பிய இரயில்களுக்குப் பெயர்ப் பட்டியல்கள் உள்ளன. ஜெருசலேமின் யாத் வஷேம் நினைவகம், கொல்லப்பட்டவர்களைப் பற்றி உறவினரும் அயலாரும் நிரப்பித் தந்த சாட்சியப் படிவங்களைப் பல பத்தாண்டுகளாகத் திரட்டி வருகிறது. அண்மையில் நான் பார்த்த படிவம் ஒன்றில், பிறந்த ஆண்டுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தது. பிள்ளைகளின் பெயருக்கான இடத்தில் "இருவர்" என்று மட்டும் எழுதியிருந்தது. அத்தகைய படிவத்தை ஊகத்தால் நிரப்பாமல், இருப்பதை இருந்தபடியே படியெடுங்கள்.

ஊர்ப்பெயரிலும் கவனம் வேண்டும்: லெம்பெர்க், ல்வூஃப், ல்விவ் மூன்றும் ஒரே நகரம். 1945 மே 8 என்று இறந்த நாள் கண்டால் நின்று யோசியுங்கள். காணாமற்போனவர்களை இறந்தவர்களாக அறிவிக்கப் போருக்குப் பின் ஜெர்மன் நீதிமன்றங்கள் பல வழக்குகளில் குறித்த சட்டத் தேதி அது.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. 1938-இல் பிறப்பித்த ஆணையின்படி, 1939 தொடக்கம் முதல், யூதப் பெயர் என நாஜிகள் ஏற்றுக்கொண்ட பெயர் ஏதும் இல்லாத ஜெர்மன் யூதப் பெண்கள் 'சாரா' என்றும் ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும் கூடுதல் பெயர் சேர்த்துக்கொள்ளக் கட்டாயப்படுத்தப்பட்டனர். ஆவணத்தில் அதைக் கண்டால் தயவுசெய்து இயற்பெயரோடு கலந்து எழுதாதீர்கள். ஆணையால் சேர்க்கப்பட்டது என்று தனியே குறியுங்கள்.