கேஸ் மாத்திரையும் தோட்டத்து ஜீப்பும்

தேனி மாவட்டக் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்தின் வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஏறும் ஜீப் ஒன்றில், மடிமேல் மடியாக உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருவருக்கு வளைவில் வாயு பிரிந்துவிட, வண்டி முழுவதும் சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து அந்த அம்மாள் மருந்துக்கடையில் வாங்கிய ‘கேஸ் மாத்திரை’யைத் தினமும் வெறும் வயிற்றில் விழுங்கி, காலைச் சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்தி, மாதக்கணக்கில் ஓட்டியபின், மலச்சிக்கலும் நீர்க்கடுப்புமாக என்னிடம் வந்தார். அப்போதும் அவருடைய முறையீடு, “காத்து மட்டும் நிக்கவே மாட்டேங்குது டாக்டர்” என்பதுதான். இதே கதையோடு வருபவர்கள் பெருகிவிட்டதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஊரெல்லாம் கேஸ் மாத்திரை என்று கேட்டு வாங்கும் பான்டோபிரசோல், ஒமெப்ரசோல் ஆகியவற்றுக்கும் கேஸுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவை இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைப்பவை; வாயுவின் பெரும்பகுதியோ, சிறுகுடல் செரிக்காமல் விட்டதைப் பெருங்குடலின் பாக்டீரியாக்கள் நொதிக்க வைப்பதால் உண்டாகிறது. மாடித் தொட்டியின் குழாயை அடைத்துவிட்டு, கீழே அடுப்புப் புகை ஏன் நிற்கவில்லை என்று கேட்பது போன்றது இது. வலி மாத்திரைகளால் வயிறு புண்ணாகாதிருக்க நாங்கள் இதைச் சேர்த்து எழுதுவதுண்டு. அப்படி வீட்டுக்குள் நுழைந்ததுதான் பிறகு வெளியேறுவதே இல்லை. ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் உடலில் வைட்டமின் பி12 குறையக்கூடும். தயவுசெய்து நீங்களாக வாங்காதீர்கள்.

நலமாக இருப்பவருக்கே ஒரு நாளைக்குப் பத்து முதல் இருபது முறை வரை வாயு பிரியும். அதில் பெரும்பங்கு நைட்ரஜன், ஹைட்ரஜன், கார்பன்-டை-ஆக்சைடு போன்ற மணமற்றவை. மானத்தை வாங்குவது மிகச் சிறிதளவே உள்ள கந்தகச் சேர்மங்கள். ஜீப்பில் சிரித்தவர்களுக்கும், செக்போஸ்ட்டில் விறைப்பாக நிற்கும் காவலருக்கும், எனக்கும் இதில் விலக்கு இல்லை. வயிற்று அறுவைக்குப் பின் நாங்கள் கட்டிலருகே நின்று “காத்து பிரிஞ்சுதா?” என்று கேட்டால், “பிரிஞ்சிருச்சு டாக்டர்!” என்று வராந்தாவரை கேட்கும்படி மகிழ்ந்து சொல்லும் அதே குடும்பம்தான், வீடு திரும்பிய மறுவாரம் பெரியவரைத் திண்ணையில் படுக்கச் சொல்கிறது.

புட்டுக்குக் கடலைக்கறி வைப்பவர்கள், கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீரில் குழைய வேகவையுங்கள். அள்ளிப்போட்டு விழுங்காமல் மென்று தின்னுங்கள். சோடா குடித்ததும் வரும் ஏப்பம் பெரும்பாலும் சோடாவின் காற்றுதான். அதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். பால் குடித்தால் வயிறு இரைகிறவர்கள் சில நாள் பால் சேர்க்காத கட்டஞ்சாயாவுக்கு மாறிப் பாருங்கள். ஜீப் வருவதற்கு அரைமணி முன்னால் எழுந்து, ஏதாவது வயிற்றுக்குள் போட்டால் குடல் தானாக அசையும். அப்போது கழிப்பறைக்குப் போய்விட்டுக் கிளம்புங்கள். தோட்டத்தில் ஒதுங்க இடமில்லை என்பதற்காகப் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். கழிப்பறை வேண்டுமென்று கங்காணியிடம் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

ஆண்களுக்குத் தனியாக ஒரு சொல். நெஞ்சில் பாரமும் வியர்வையும் இடக்கையில் வலியும் வந்த பிறகும் ‘வாய்வுப் பிடிப்பு’ என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். உடனே போய் இ.சி.ஜி. எடுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, புதிதாகத் தொடங்கி நீடிக்கும் மலச்சிக்கல் ஆகியவற்றையும் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலமும் வாயுவும் அடியோடு நின்றுபோனால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்க்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்குக் கொண்டு வந்து, காற்று எப்போதிலிருந்து பிரியவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள்.